கண்ணாடி மூடி போட்ட பெட்டி

…இல்லை, பினு வாசலில் கால் வைத்த உடனேயே சிலேட்டைத் தூக்கிக் காட்டிவிடக் கூடாது, உட்காரட்டும், ஒரு வாய் சாயா குடிக்கட்டும், அக்காளும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதையெல்லாம் அழுது முடிக்கட்டும், அப்புறம் மெல்லத் திருப்பினால் போதும், ஒரே ஒரு வார்த்தைதானே, டூப்ளிகேட், அதை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும், வாசித்த பிறகு அவன் முகம் எப்படிப் போகும்… தாசையன் மடியில் கிடந்த சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். காலையிலிருந்து அந்த வார்த்தையை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார், ஒரு தடவை எழுத்து கோணலாகப் போய்விட்டது என்று, இன்னொரு தடவை பக்கத்தில் கேள்விக்குறி போடலாமா என்று. கடைசியில் கேள்விக்குறி வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. கேட்டால் அவன் பதில் சொல்வான், பதில் சொன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்… சமையலறையில் மனைவி எலிசாள் தன் தம்பிக்காகப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தாள், மாவில் தோய்த்த பழம் எண்ணெயில் விழுந்து சீறுவது கேட்டது, வாசனை மட்டும் வரவில்லை. வராது. மூக்கு வழியாக மூச்சுப் போனால் அல்லவா வாசனை வர. மூச்சு இப்போது கழுத்தில் இருக்கும் ஓட்டை வழியாகப் போய் வருகிறது, குரல்வளையை எடுத்துவிட்டு டாக்டர்கள் வைத்த ஓட்டை, எலிசாள் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சின்னத் துணி அதன் மேல் தொங்குகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் துணி உள்ளே ஒட்டி வெளியே வருகிறது, கிறிஸ்துமஸுக்கு முன்னே ஆபரேஷன், இப்போது ஓணம் வந்துவிட்டது, பினு இந்த லீவுக்குத்தான் வருகிறான், ஷார்ஜாவிலிருந்து, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை.

போன்கூடச் செய்யவில்லையே பாவி. முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாது, அத்தான் இருக்காரா, அத்தானிட்ட குடுங்க அக்கா என்று கேட்டு வாங்கிப் பேசுவான். பேச முடியாதவனிடம் யார் போனில் பேசுவார்கள், அது சரிதான், ஆனால் எலிசாளிடமாவது பேசியிருக்கலாம் இல்லையா, அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள், அவளே கூப்பிட்டாலும் சுகமா சுகமா என்று இரண்டு வார்த்தை, வைத்துவிடுவான். குற்றமுள்ள நெஞ்சு. அப்படித்தான் தாசையன் நினைத்தார். அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் கொடுத்திருக்கிறான், அதனால்தான் போனை எடுக்கக் கை வரவில்லை… குரல் இருந்தால் இந்நேரம் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். என்ன குரல் அது. பழவங்காடியில் பாத்திரக் கடை வைத்திருந்தவருக்குக் குரல்தான் முதல், எதிரே பிள்ளையார் கோயிலில் ஓயாமல் தேங்காய் உடைக்கும் சத்தம், பஸ்காரனின் ஹாரன், அதற்கெல்லாம் மேலே எழும்ப வேண்டும், உருளி வேணுமா சேச்சி, நல்ல கனமுள்ள உருளி, வந்து பாருங்கோ. தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறவள்கூடத் திரும்பிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள், மைக் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு வாசிப்பார். இப்போது கடையில் எலிசாள் உட்காருகிறாள், அவள் யாரையும் கூப்பிடுவதில்லை, வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். ஒருநாள் அவரும் போய் உட்கார்ந்து பார்த்தார். பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, முதலாளிக்குச் சுகமில்லையா என்று அவரிடமே கேட்டாள், கழுத்துத் துணியைப் பார்த்துவிட்டு, அடுக்கில் இருந்த செம்பை எடுத்துப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு போகவில்லை.

அந்தப் பெட்டி முதலில் வந்த நாள் எப்படி இருந்தது… பினு அப்போது முதல் லீவு, இந்த முன்னறையில்தான், பெரிய சூட்கேஸைத் திறந்து, அக்காவுக்குச் சேலை, மகள் லிபிமோளுக்குப் பொம்மை, எல்லாம் கொடுத்த பிறகு அடியிலிருந்து ஒரு துண்டில் சுற்றி வைத்ததை எடுத்தான், குழந்தையைத் தூக்குகிற மாதிரி. மரப்பெட்டி. மேலே கண்ணாடி மூடி. உள்ளே வரிசையாக, ஒரே கனம், ஒரே நிறம், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பொன் நிறத்தில் பட்டை. அத்தான், இது கியூபா சிகார் கேட்டியளா, சாயிப்புமாரு பிடிக்கியது, நம்ம ஊருல மந்திரிக்குக்கூடக் கெடைக்காது. தாசையனின் அப்பா பனையேறிவிட்டு வந்து முற்றத்தில் குந்திச் சுருட்டுப் பிடிப்பார், நாற்றம் வீடு முழுக்க அடிக்கும், அம்மா ஏசுவாள். அது சுருட்டு. இது சிகார். இரண்டும் புகையிலைதான், ஆனால் அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் தாசையன் அடித்தே இருப்பார். சனிக்கிழமை கடை அடைத்த பிறகு மாடியில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து உட்காருவார்கள், பெட்டியை நடுவில் வைப்பார், மூடியைத் திறக்க மாட்டார், கண்ணாடி வழியாகவே முதலில் எல்லாரும் பார்க்க வேண்டும், அப்புறம் திறந்து ஆளுக்கொன்று. பற்ற வைப்பதற்கு முன்னே மூக்கில் வைத்து இழுப்பது, காதில் வைத்து உருட்டுவது, எதற்கென்று யாருக்கும் தெரியாது, எங்கோ பார்த்திருந்தார்கள், செய்தார்கள். ஒரிஜினல்னா ஒரிஜினல்தான், தொண்டையைப் பிடிக்கவே இல்லை பாத்தியளா என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டினார்கள், அந்த நேரம் தாசையனுக்குத் தொண்டை எரிந்துகொண்டிருந்தது, அவரும் தலையாட்டினார். ஒருவர் பட்டையைக் கழற்றி மோதிரம்போலப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார், மறுநாள் கடைக்கும் அதோடேயே வந்தார்.

அப்புறம் வருஷா வருஷம் வந்தது. மாமனார் வீட்டிலிருந்து சீர் வருவதுபோல என்று எலிசாள் சிரிப்பாள். ஒரு தடவை, எந்த வருஷம் என்று நினைவில்லை, பாதி பிடித்த சிகார் விரலில் பிளந்துகொண்டது, உள்ளே இலைக்கு நடுவில் ஒரு சணல் நூல், கூடவே காகிதம் மாதிரி ஏதோ, வெள்ளையாக. சுற்றி எல்லாரும் இருந்தார்கள். அவர் சட்டென்று அதைச் சாம்பல் தட்டில் அமுக்கி, மேலே தீக்குச்சியைப் போட்டு மூடிவிட்டு, வேறொன்று எடுத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அடுத்த சனிக்கிழமை வேண்டும் அல்லவா… அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். அது ஒரு தடவை நடந்தது, ஒரே ஒரு தடவை. பினுவுக்குத் தெரியுமா, தெரியாதா, அதுதான் இங்கே பேச்சு, நமக்குத் தெரிந்திருந்ததா என்பது இல்லை.

தொண்டை கட்டிக்கொண்டபோது சுக்குத் தண்ணீர் குடித்தார், கடைக்காரனுக்குத் தொண்டை கட்டுவது புதிதா. கட்டியது அவிழவே இல்லை. பிறகு ஆஸ்பத்திரி, சோதனை, ஆபரேஷன், விழித்தபோது எலிசாளைக் கூப்பிட வாயைத் திறந்தார், வாய் திறந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு கரண்டு வைக்க என்று, கதிர்வீச்சை எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், தினமும் போக வேண்டியிருந்தது, அந்த நீளமான ஹாலில்தான் சேஷனைப் பார்த்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், பம்பாயில் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், வெள்ளை வேட்டி, மடித்த அங்கவஸ்திரம், தொண்டையில் அவருக்கும் அதேதான், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார், கரகரவென்று கொஞ்சம் குரல் மிச்சம் இருந்தது, அந்தக் கொஞ்சத்தையும் ஓயாமல் செலவழித்தார். எலிசாள் மருந்தும் ஆஸ்பத்திரிச் சீட்டும் போட்டுக் கொண்டுவர அந்த சிகார் பெட்டியைத்தான் எடுத்திருந்தாள், காலிப் பெட்டி, மூடி உள்ளது, கைக்கு அடக்கம். சேஷன் அதை எட்டிப் பார்த்தார். "இதென்ன ஓய், கண்ணாடி மூடி?" என்றார். எலிசாள் பெருமையாக, இவருக்க மச்சினன் கொண்டு வந்தது, கியூபா, என்றாள். சேஷன் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மாத்திரைப் பட்டைகளை ஒதுக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோலச் சொன்னார். "கேப்டன்மார் எனக்கு எத்தனையோ பெட்டி குடுத்திருக்கா. அசல் சரக்குக் கண்ணாடி மூடியோட வந்து நான் கண்டதே கிடையாது. பாக்கறவாளை மயக்கறதுக்குன்னே பண்ற பெட்டியாக்கும் இது. உள்ளே இருந்தது என்னவோ, எவன் கண்டான், வாழைச் சருகா, கூட்டிப் பெருக்கின தூசா." தாசையன் கையை நீட்டிப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உள்ளே இழுத்தீரோ?" என்று கேட்டார் சேஷன். "சிகாரை உள்ளே இழுக்கப்படாது, வாயோட விட்டுடணும்." தாசையன் இல்லை என்று தலையாட்டினார். பொய். பீடியில் பழகிய நெஞ்சு, இழுக்காமல் எப்படி, முழுக்க முழுக்க இழுத்தார், ஒவ்வொன்றையும், பட்டை சுடுகிற வரைக்கும்.

அன்று ஆட்டோவில் திரும்பி வரும்போது முதல் தடவையாக அது தோன்றியது, தம்பானூர் திருப்பத்தில் வண்டி நின்றிருந்தது, மழை, அந்த சிகார்தான் காரணம் என்று, அசலாக இருந்திருந்தால் இது வந்திருக்காது. எவ்வளவு எளிதாக இருந்தது அந்த நினைப்பு. ஏன் எனக்கு, ஏன் எனக்கு என்று இத்தனை நாள் கேட்டதற்குப் பதில் கையில் வந்து விழுந்ததுபோல இருந்தது. சபைக்குப் போகிறவன், குடிக்காதவன், ஒருத்தனையும் எடையில் ஏமாற்றாதவன், அவனுக்கு ஏன், பினு கொண்டுவந்த கள்ளச்சரக்கினால். மறுநாளே சிலேட்டில் எழுதி டாக்டரிடம் காட்டினார். சின்ன வயது டாக்டர், நல்ல பையன், வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அங்ஙனெ ஒண்ணுமில்ல அங்கிளே. ஒரிஜினலும் இதே வேலையைத்தான் செய்யும். இலைக்குத் தெரியுமா தான் எந்த ஊர்னு?" என்றார். தாசையன் சிலேட்டை அழித்துவிட்டார், டாக்டர் சொன்னதையும் அதோடு சேர்த்து. இவர்களுக்கு என்ன தெரியும், படித்தது புத்தகத்தில், புகைத்தவனுக்கல்லவா தெரியும் எது நெஞ்சில் இறங்கிற்று, எது தொண்டையில் நின்றது என்று.

ஆனால் சேஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, அதை என்ன செய்வது. இரண்டு பேர் கழுத்திலும் ஒரே ஊதா மையில் ஒரே மாதிரிக் கோடு, கரண்டு எங்கே விழ வேண்டும் என்பதற்கு. வேர்வையில் அழிந்தால் மறுபடி போடுவார்கள். "நான் அசலைத் தவிர வேற ஒண்ணும் தொட்டதில்லை ஓய்" என்று சேஷன் நாளுக்கொரு தடவையாவது சொல்லுவார், அதைச் சொல்லும்போது அந்தக் கரகரக் குரலில் ஒரு நிமிர்வு வரும், நோயே ஒரு படி மேலான நோய் என்பதுபோல. கள்ளச்சரக்குப் பிடிக்கிறவனைப் பற்றி அவருக்கு ஒரு இளக்காரம், அவன் புகைக்கிறது புகையிலையை இல்லை, பட்டையைப் புகைக்கிறான் என்பார். தாசையன் கேட்டுக்கொண்டே இருப்பார், பதில் சொல்லக் குரல் இல்லாதவனிடம் பேசுவது எவ்வளவு சௌகரியம். ஒருநாள் பொறுக்க முடியவில்லை. சிலேட்டை எடுத்து எழுதினார், உங்களுடையதும் டூப்ளிகேட்டாக இருந்தால்? கேப்டன்மார் ஏமாற்றியிருந்தால்? எழுதி, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார். சேஷன் வாசித்தார். வாய் கொஞ்சம் திறந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி விஜயலக்ஷ்மி என்ன, என்ன என்று எட்டிப் பார்த்தாள், அவர் சிலேட்டை மெதுவாகத் தள்ளிவிட்டார், உள்ளே கூப்பிட்டபோது அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொள்ள மறந்து எழுந்து போனார். தாசையனுக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சியைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். ஒரு கிழவனிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்… அதைப் பிடுங்கி நமக்கு என்ன ஆகப்போகிறது. மறுநாள் அவர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார், பேசினார், மழையைப் பற்றி, கோயில் குளத்தைப் பற்றி, சிகாரைப் பற்றி மட்டும் இல்லை.

பிறகு அவரை வார்டில் சேர்த்துவிட்டார்கள். மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் ஆகாரம். தாசையனுக்குக் கரண்டு முடிந்த வாரம், பார்த்துவிட்டு வரலாம் என்று போனார், சேஷன் விரலால் பக்கத்தில் கூப்பிட்டார், காதோடு சொன்னார், குரல் காற்றாகிவிட்டிருந்தது. "உம்ம கள்ளச்சரக்கு ஒண்ணு மிச்சம் இருந்தா கொண்டாரும்." விளையாட்டு என்று நினைத்தார் தாசையன். இல்லை. பிடிக்க இல்லை, கையில வெச்சுக்க, என்றார் சேஷன், வீட்டுல எல்லாத்தையும் இவ தூக்கிப் போட்டுட்டா. மறுநாள் அலமாரியில் மிச்சம் கிடந்த இரண்டு சிகாரில் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எலிசாளோடு கொண்டுபோனார், நர்ஸ் பார்க்காமல் கொடுத்தார். சேஷன் அதை இரண்டு விரலில் வாங்கினார், வாங்கியதிலேயே தெரிந்தது, பழவங்காடி மாடியில் ஒருத்தருக்கும் அப்படிப் பிடிக்கத் தெரிந்ததில்லை. குழாய் இல்லாத மூக்குத் துவாரத்தில் வைத்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம். திறந்தபோது ஓரத்தில் ஈரம் இருந்தது, குழாய் உறுத்தியதோ என்னவோ. "அசலாக்கும் ஓய்" என்றார். தாசையன் அவரையே பார்த்தார். "அன்னிக்குப் பெட்டியைப் பாத்துட்டு உளறிட்டேன். பெட்டியை எவனோ மாத்தியிருப்பான். சரக்கு அசல். உம்ம மச்சினன் உம்மை ஏமாத்தலை." அதைச் சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். சில நாள் கழித்து எலிசாள் போனை வைத்துவிட்டு வந்து, அந்த சாமி போயிட்டாராம், அந்த அம்மா சொன்னா, ஒங்க சிகாரு தலைமாட்டுலயே இருந்துதாம், என்றாள்.

எதை நம்புவது? தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, அந்த மூக்கில் என்ன வாசனை தெரிந்திருக்கும், குழாய்க்கும் மருந்துக்கும் நடுவில், இல்லை நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரா, இல்லை நாம் அன்றைக்கு எழுதிக் காட்டியதற்கு அவர் கொடுத்த பதிலா இது… அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மிச்சமிருந்த ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார், இழுத்தார், கழுத்துத் துணிதான் உள்ளே ஒட்டியது, மூக்கில் காற்று அசையவில்லை. மறுபடி. மறுபடி. இலையை நாக்கில் வைத்துப் பார்த்தார், கரண்டில் வெந்த நாக்கு, மரத்துண்டை நக்கியதுபோல இருந்தது. இனி ஒருநாளும் தானாகத் தெரிந்துகொள்ள முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது, அன்று அழுதார், அழுதால் சத்தம் வராது, கழுத்தில் புஸ் புஸ் என்று காற்றுத்தான் வரும், கதவைத் திறந்து பார்த்த எலிசாள் இருமலா அழுகையா என்று தெரியாமல் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றாள். ஆனால் கோபம் போகவில்லை. அசல் என்று சேஷன் சொன்னதை நம்பினால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் நம்பவில்லை. சாகப்போகிறவர் சொன்ன சமாதானம் என்று தள்ளி வைத்துவிட்டு, பினுவின் லீவுக்குக் காத்திருந்தார்.

வெளியே ஆட்டோ நின்றது. எலிசாள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். "மக்களே பினு… என்ன இப்பிடி மெலிஞ்சு போனே? வா, உள்ள வா, அத்தான் காலம்பறயே இருந்து ஒன்னய நோக்கிட்டு இருக்காரு." பினு உள்ளே வந்தான். கையில் ஒன்றுமில்லை, அதுதான் முதலில் கண்ணில் பட்டது, பழைய மாதிரி சூட்கேஸோ பையோ இல்லை, வெறும் கை, அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னும் பின்னும் வைத்துக்கொண்டான். முடி நெற்றியில் ஏறியிருந்தது. அவரைப் பார்த்தான், கழுத்துத் துணியைப் பார்த்தான், செம்பைப் பார்த்த அந்த வாடிக்கைக்காரி போலத் திரும்பிக்கொள்ளவில்லை, அங்கேயே நின்றான், நின்று, அப்படியே அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எலிசாள் பழம்பொரித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "வேண்டாம் அக்கா." "ஒனக்காகப் போட்டது, மக்கா." "எறங்காது அக்கா… கொஞ்சம் இரி." அவன் அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை, அவருடைய கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அத்தான், ஒரு காரியம் சொல்லணும். போன்ல சொல்ல முடியாது, அதான் விளிக்கவே இல்ல. எனக்கு ஒறக்கமே இல்ல கேட்டியளா, ஆபரேஷன்னு அக்கா சொன்ன அன்னைக்கிருந்தே இல்ல." தாசையனின் விரல்கள் சிலேட்டின் ஓரத்தைப் பிடித்தன. இதோ. "அந்த சிகாரு… நான் கடையில வாங்கல்ல. கடை வெலை நமக்குத் தாங்காது. சந்தைக்குப் பின்னால ஒரு ஆளு சாக்குல வெச்சு விப்பான், அவன்ட்ட வாங்கினது. மொதல் தடவ வாங்கும்போ, இது ஒரிஜினலாண்ணு நான் அவன்ட்ட கேக்கல்ல. கேட்டாச் சொல்லிப்போடுவானோண்ணு பயம்." மூக்கை உறிஞ்சினான். "நான் அங்க குடோன்ல சொமக்கிய ஆளு அத்தான். ஒங்ககிட்ட மட்டுந்தான் நான் பெரிய ஆளு. அந்தப் பொட்டியத் தொறக்கும்போ நீங்க என்னய ஒரு பார்வ பாப்பியல்லா… அதுக்காக வாங்கினேன். ரூம்ல கூட இருக்கியவன் சொன்னான், டூப்ளிகேட்டுல என்னெல்லாமோ கலக்குவானுவோ, அதாலதான் ஒங்க அத்தானுக்கு இப்பிடி ஆச்சுண்ணு. உள்ளதா அத்தான்? என்னாலதானா?"

எலிசாள் சுவரில் சாய்ந்து நின்றாள். எத்தனை மாதமாக இதற்குக் காத்திருந்தார், இப்படித்தான், இதே வார்த்தைகளை இவன் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்று, வார்த்தைகள் வந்துவிட்டன, இனி சிலேட்டைத் திருப்ப வேண்டியதுதான், ஆமாம் என்றுகூட எழுத வேண்டாம், ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று, திருப்பினால் போதும்… இவன் ஷார்ஜாவில் ஏதோ இரும்புக் கட்டிலில், மேலே ஒருவன் கீழே ஒருவன் படுக்கும் அறையில், இதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான், இங்கே நாம் கிடந்ததுபோல, இரண்டு பேரும் ஒரே சிகாரை மாறி மாறிப் பிடித்ததுபோல. இவன் கேட்கப் பயந்தான். சணல் நூலைப் பார்த்தும் நாம் கேட்கவில்லை. அவன் வியாபாரியிடம் கேட்டிருந்தால், நாம் இவனிடம் கேட்டிருந்தால்… பினுவின் தோள் குலுங்கியது. நாற்பது வயது நெருங்குகிறவன், பின்கழுத்தில் சுமை தூக்கித் தூக்கிக் காய்த்த கறுப்பு, அதை இத்தனை வருஷமாக எப்படிப் பார்க்காமல் இருந்தோம், சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு அல்லவா வருவான்.

தாசையன் சிலேட்டை நெஞ்சுப் பக்கமாகவே திருப்பி, உள்ளங்கையால் அழுத்தி ஒரு தடவை துடைத்தார். பல்பம் எங்கே என்று தேடினார், எலிசாள் எடுத்துக் கொடுத்தாள். எழுதிவிட்டுத் திருப்பிக் காட்டினார்.

பினு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தான். "ஒரிஜினல். தெரிஞ்ச ஒரு பெரியவர் பாத்துச் சொன்னார்." நிமிர்ந்தான். "உள்ளதாவா அத்தான்?"

தாசையன் தலையாட்டினார்.

"அக்கா, உள்ளதா?" எலிசாள் புருஷனைப் பார்த்தாள். அந்தச் சாமி சொன்னது உண்டு மக்கா, நெசந்தான், என்றாள், அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பினுவின் முகம் மாறுவதைத் தாசையன் பார்த்துக்கொண்டிருந்தார், மூடியிருந்த கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுப்பதுபோல, நெற்றி, கண், கடைசியில் வாய். "எனக்க கர்த்தாவே" என்றான். சிரித்தானா, அழுதானா, இரண்டும்தான். சாக்குக்காரன் நல்லவனாக்கும் அக்கா, நான் சும்மா அவனைச் சந்தேகிச்சேன், எங்கயோ கப்பல்ல இருந்து எறக்கின சரக்கா இருக்கும்… தட்டை இழுத்துப் பழம்பொரியைப் பிட்டு வாயில் போட்டான், சூடு, ஆ என்று வாயைத் திறந்து ஊதினான், இன்னொன்றை எடுத்தான். நல்லது, தின்னட்டும். தாசையனுக்கு லேசாக இருந்தது, கொஞ்ச நேரம். சேஷனுக்கும் இப்படி இருந்திருக்குமா, தலையணையில் சாய்ந்தபோது? அப்படியானால் அது பொய்தான், பரிதாபம்தான், இல்லை, அவர் உண்மையிலேயே… சரி. அதை இனி யாரிடம் கேட்பது.

பினு தண்ணீர் குடித்தான். தரையிலிருந்து எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான், பழைய மாதிரி, முட்டோடு முட்டு படுகிற மாதிரி. தட்டில் கடைசியாக இருந்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கள்ளமும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அக்கறையில் மட்டுமே கேட்டான். "அப்பம் பின்னே ஒங்களுக்கு இது எதனால வந்துது அத்தான்?"

எலிசாள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். தாசையன் சிலேட்டைத் துடைத்தார், பல்பத்தை வைத்தார், 'ந' என்று ஒரு எழுத்து விழுந்தது, பக்கத்தில் துணைக்கால் போட வேண்டும், போட்டால்தான் அது நான் என்று ஆகத் தொடங்கும், ஒரு சின்னக் கோடுதான், லிபிமோள் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் கற்றது… பல்பம் அங்கேயே நின்றது, கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. எவ்வளவு நாளாக இந்தக் கேள்வியைத் தன்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க விடவில்லை என்று அவருக்குத் தோன்றியது. பினு குனிந்து, அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டு, மீதியும் வரட்டும் என்று காத்திருந்தான்.